தாத்தா இளிக்கவில்லை

எங்கள் குடும்பத்தில் எடுப்புப் பல் தாத்தா வழியாக வந்தது. தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு. அக்காவை விட்டுவிட்டு அக்கா மகளுக்கு. நிலம் நீச்சு என்று எழுதி வைக்க ஒன்றுமில்லாத குடும்பத்தில் தவறாமல் கைமாறி வந்த சொத்து இது ஒன்றுதான்.

தாத்தாவை நான் பார்த்ததில்லை. ஆயா சொல்லித்தான் தெரியும். அறுபதுகளில் நடந்தது. ஊரில் பெரிய வீட்டில் ஒரு சாவு. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் இழவு சொல்ல நடந்து போய்விட்டுத் திரும்பிய தாத்தா, அந்த வீட்டுத் தெருக்கோடியில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். மூச்சு வாங்குகிறது. வாய் திறந்திருக்கிறது. பல் தெரிகிறது. "எழவு வூட்ல என்னாடா இளிப்பு?" என்று கேட்டுக்கொண்டே வந்த அந்த வீட்டு மூத்த மகன் செருப்புக்காலால் நெஞ்சில் உதைத்திருக்கிறான். அதற்குப் பிறகு சாகும்மட்டும் தாத்தா அந்தத் தெருவில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்பாராம். பார்க்கிறவர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்திருக்கும். இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் ஆயா ஒரு வார்த்தை சொல்லும்: "அவுரு இளிக்கல. அவுரு பல்லு அப்படி."

தமிழில் பல்லைச் சுற்றி இருக்கிற பேச்சையெல்லாம் எடுத்துப் பாருங்கள். பல்லைக் காட்டுவது என்றால் கெஞ்சுவது. பல்லை இளிப்பது என்றால் மானங்கெட்டு நிற்பது. பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பேன் என்பது அடிக்கிறவன் பேச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது அடிபடுகிறவன் பாடு. பொம்பளைக்கு இன்னும் ஒன்று கூடுதல். பொம்பள சிரிச்சா போச்சு. யார் எப்போது யார் முன்னால் பல் தெரிய நிற்கலாம் என்பதற்கு இந்த ஊரில் சட்டம் இருந்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு நடுவில், உதடு மூடாத வாயோடு பிறந்தவர்கள் நாங்கள்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த பெயர்கள்: பல்லி, தேங்காத்துருவி, மம்பட்டி. சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாத்தியாரிடம் சொல்லலாம், வழக்குகூடப் போடலாம். தேங்காத்துருவி என்றால் வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பார். கல்லூரியில் தமிழ் மன்றத்து நாடகத்தில் எனக்குக் கொடுத்த வேடம் தாடகை. "ஒனக்கு மேக்கப்பே வேணாம்" என்றார்கள். எம்.ஏ. படித்தபோது பாடத்தில் வந்த பெண்கள் எல்லோருக்கும் பல் முல்லை அரும்பாக, முத்தாக இருந்தது. என் பல்லைத் தேடிப் போனபோது திருமுருகாற்றுப்படையில் பிணம் தின்று கூத்தாடுகிற பேய்மகளின் வாயில்தான் அகப்பட்டது. தன்னையே பேய் என்று பாடிக்கொண்ட காரைக்கால் அம்மையாரும் நீண்ட பல்லைத்தான் தனக்கு அடையாளமாகச் சொல்கிறார். ஒழுங்கில்லாத பல் சுடுகாட்டுக்கு. எங்கள் சேரியும் சுடுகாட்டுப் பாதையில்தான் இருக்கிறது.

ஆனால் தெத்துப்பல் என்று ஒன்று உண்டு. ஒரு பல் மேல் இன்னொரு பல் ஏறிக்கொண்டு நிற்பது. சிவப்பான முகத்தில் இருந்தால் அதற்கு அழகு என்று பெயர். அதிர்ஷ்டம் என்றும் சொல்வார்கள். கோணலும் கோணல் இல்லாததும் பல்லில் மட்டும் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளிக்கு நேர்முகத்துக்குப் போனேன். தாளாளர் என் சான்றிதழைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "பசங்க சிரிப்பாங்களேம்மா" என்றார். எதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்று நான் கேட்காததை இன்றுவரை மேடைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பின்கதையோடு இருக்கிற எனக்கு 2024 ஜூனில் அக்கா போன் பண்ணினாள். மகளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கோகோ விளையாடும்போது குப்புற விழுந்து முன்பல்லில் ஒன்றின் முனை உடைந்துவிட்டது. "ஒடைஞ்சத ஒட்டிக்கலாம்டி. ஆனா இதான் சாக்குன்னு கம்பி போட்ரலாம்னு பாக்கறேன். நீதான் டவுன்ல நாலு எடம் விசாரிக்கணும்."

நான் விசாரிக்கவில்லை. கூட்டத்தில் பேசுவது மாதிரி பேசினேன். நம் உடம்பை அவர்கள் அளவுக்கு வெட்டிக்கொள்வது என்ன விடுதலை, நம் நிறமும் நம் பல்லும் நமக்கு அழகு, பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடு என்று கால் மணி நேரம். அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஒனக்கு எம்மே இருக்குது. மைக்கு இருக்குது. எவனாச்சும் எதுனா சொன்னா எழுதிக் கிழிச்சிருவ. எம்பொண்ணு தொப்பட்டாவ வாயில வெச்சிக்கிட்டு இருக்கறா. கெளாஸ்ல பதில் தெரிஞ்சாலும் வாயத் தொறக்கறது இல்லையாம். நீ வந்து பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனேன். பிள்ளை துப்பட்டா நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டுதான் என்னோடு பேசினாள். உடனே எனக்குத் தாத்தாவின் துண்டு ஞாபகம் வந்தது. அறுபது வருஷம் கழித்து, உதைக்க ஆளே இல்லாமல், அதே துணி அதே வாயில்.

அப்புறம்தான் அலைந்தோம். அந்த அலைச்சலை விவரமாக எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் பலருக்கு இது தேவைப்படும். நமக்கு இதைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

முதலில் போனது பக்கத்து டவுனில் ஒரு பல் டாக்டர். பிள்ளையைப் பார்த்து இரண்டு நிமிஷத்தில் முடிவு சொன்னார். முன்பல் ஆறையும் தேய்த்துச் சின்னதாக்கி மேலே கேப் போட்டுவிடலாம், பத்து நாள் வேலை, கல்யாணப் பெண்களெல்லாம் இப்படித்தான் செய்துகொள்கிறார்கள் என்றார். அக்காவுக்கு ஆசையாகிவிட்டது. நான் தெரிந்த ஒரு பல் மருத்துவ மாணவியிடம் கேட்டேன். அவள் பதறிப்போனாள். பல்லின் மேல் இருக்கிற எனாமலைத் தேய்த்துவிட்டால் அது திரும்ப வளராது. இந்த வயதில் பல்லுக்குள் நரம்பும் ரத்தமும் இருக்கிற கூடு பெரிசாக இருக்கும், ஆழமாகத் தேய்த்தால் நரம்பு செத்துப்போகலாம். கேப் வாழ்நாள் பூராவும் நிற்காது, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவும் செய்தும் பல் இருந்த இடத்தில்தான் இருக்கும், நகராது. அவசரத்துக்கு விற்கிற சரக்கு அது. நம் பெண்களுக்குக் கல்யாண அவசரத்தைத் தவிர வேறு அவசரத்தை யாரும் கொடுப்பதில்லை என்பதால் அது நன்றாகவே விற்கிறது.

பல்லை நகர்த்த முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. பல் எலும்பில் அடித்த ஆணி இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. விடாமல் மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தால் அழுத்துகிற பக்கம் எலும்பு கரைகிறது, இழுபடுகிற பக்கம் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஆயா என் பல்லைத் தினமும் காலையில் பெருவிரலால் உள்ளே அமுக்கிவிடும். விரல் சூப்பக்கூடாது என்று வேப்பெண்ணெய் தடவும். வேப்பெண்ணெய் சரியான வைத்தியம்தான்; வருஷக்கணக்காக விரல் சூப்பினால் பல் முன்னால் வரும். ஆனால் நாளைக்கு ஐந்து நிமிஷம் அமுக்குவதற்கெல்லாம் பல் நகராது. பாவம் ஆயா.

அடுத்து பெரிய டவுனில் பல் சீரமைப்பு படித்த ஒருவரிடம் போனோம். அவர் எல்லா வழியையும் வரிசையாகச் சொன்னார். கழற்றி மாட்டுகிற தட்டு: செலவு குறைவு, ஆனால் பல்லின் தலையைச் சாய்க்குமே தவிர வேரோடு சேர்த்து நகர்த்தாது, இந்தப் பிள்ளைக்குப் போதாது. ஸ்டீல் கிளிப்பு: 40,000 ரூபாய். பல் நிறத்திலேயே இருக்கிற செராமிக் கிளிப்பு: 60,000. அது ஸ்டீலைவிடச் சீக்கிரம் உடையும், வேலை ஒன்றுதான். பல்லின் உள்பக்கம் ஒட்டுகிற கிளிப்பு: வெளியில் தெரியாது, நாக்கு புண்ணாகும், கொஞ்ச நாள் பேச்சு குழறும், செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, விலை ஒரு லட்சத்துக்கு மேல். கடைசியாகக் கண்ணாடி மாதிரி இருக்கிற அலைனர்: ஒன்றரை லட்சம்.

2024-25இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளைக்கு 319 ரூபாய். நூறு நாளும் வேலை கொடுத்து, நூறு நாளும் முழுக்கூலியும் கொடுத்தால்கூட 31,900 ரூபாய்தான். இருப்பதிலேயே மலிவான கிளிப்புக்கு என் அக்காவின் ஒரு வருஷத்து நூறுநாள் வேலை போதாது.

அக்கா அலைனரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெரியாமல் இருக்கும் என்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய ஒரு நிறுவனம் பரப்பிய முறை அது. வாயை அளவெடுத்துக் கம்ப்யூட்டரில் பல் நகர வேண்டிய பாதையைப் போட்டு, வரிசையாகப் பல உறைகள் செய்து தருவார்கள். ஒன்று இரண்டு வாரத்துக்கு ஓர் உறை. நாளைக்கு 20 மணி முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்ற வேண்டும், பல் துலக்கிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை என் காதில் கேட்டாள்: "சோறு துன்னும்போது கழட்டி எங்க சித்தி வெக்கறது, தட்டுலயா?" அவள் விடுதியில் நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு குழாய். காலையில் ஒரு தடவை பல் துலக்கவே வரிசை. பணத்தை விட்டுத் தள்ளுங்கள். அலைனர் என்பது தனி அறையும் தனிக் குழாயும் இருக்கிற பிள்ளைக்காகச் செய்த பொருள். டாக்டரையே பார்க்காமல் தபாலில் உறை வாங்கிப் போட்டுக்கொள்கிற ஏற்பாடும் உண்டு. அமெரிக்காவில் அப்படி விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதி நகர்ந்த பல்லோடு நின்றவர்கள் நிறையப் பேர். மலிவு என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அதே டாக்டர் பிள்ளையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மூக்கு நுனிக்கும் முகவாய்க்கும் ஒரு கோடு போட்டுக் காட்டினார். உதடு அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டுமாம். இவளுக்கு மேலும் கீழும் வெளியே இருக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு, நான்கு பல்லைப் பிடுங்கினால்தான் கோட்டுக்குள் வரும் என்றார்.

எனக்கு அந்தக் கோடு உறுத்தியது. மாணவியின் பாடப்புத்தகத்தை வாங்கி அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். பல் சீரமைப்பைத் தனித் துறையாக்கி 1899இல் பல்வரிசைக் கோணல்களை வகைப்படுத்திய எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர், முக அழகுக்கு இலக்கணமாக எடுத்துக் காட்டியது அப்பல்லோவின் பளிங்குச் சிலையை. 1948இல் டவுன்ஸ் என்பவர் எக்ஸ்ரே அளவுகளை வகுத்தது 20 வெள்ளையர் பிள்ளைகளை வைத்து. மூக்குக்கும் முகவாய்க்கும் போடுகிற கோடு 1950களில் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்கர் கொண்டு வந்தது. உதடு தடித்த, தாடை முன்னால் வந்த மக்களுக்கு இந்த அளவுகள் பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. இந்திய முகங்களுக்குத் தனியாக அளவெடுத்தும் எழுதியிருக்கிறார்கள். பல்லைப் பிடுங்கலாமா கூடாதா என்பதும் பழைய சண்டை. ஆங்கிள் கூடாது என்றார். அவருடைய மாணவர்களே, அமெரிக்காவில் ட்வீடும் ஆஸ்திரேலியாவில் பெக்கும், சில வாய்களுக்குப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். ஆகவே அந்த டாக்டர் தவறு சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோட்டைக் காட்டிய அவர், அது யார் முகத்தில் போட்ட கோடு என்று சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

படித்ததில் எனக்கு எதிரானதும் இருந்தது. முன்னால் துருத்திய பல் விழும்போதும் அடிபடும்போதும் முதலில் உடையும். சிறு வயதில் சரி செய்தால் அந்த ஆபத்து குறையும். இது அழகு விவகாரம் இல்லை. கோகோ மைதானத்தில் எங்கள் பிள்ளையின் பல் உடைந்ததற்குக் காரணம் அதுதான். என் பேச்சில் இதற்கு இடமே இருக்கவில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று மூன்று இடங்களில் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குப் போனோம். பதிந்துவிட்டு ஏழு மாதம் காத்திருந்தோம். பார்த்தது மேல்படிப்பு படிக்கிற ஓர் இளம் டாக்டர். மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி 8 மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது, இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும் என்றார். பிள்ளையை "சும்மா ஒக்காரு, வாய மூடாத, தொறக்காத" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உதடு தானா மூடல பாருங்க. கஷ்டப்பட்டு மூடறா. மூடும்போது முகவாய்ச் சதை சுருங்குது."

உதடு தானாக மூடவில்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் தாத்தா உதை வாங்கினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பல் வலியா என்று அவர் என்னைக் கேட்டார்.

மேலே மட்டும் இரண்டு பல்லை எடுத்தால் போதும், கீழ்ப்பல்லைத் தொட வேண்டாம், உதடு கொஞ்சம் முன்னால்தான் இருக்கும், அது அவள் முகம் என்றார் அந்த டாக்டர். 2025 ஜனவரியில் ஸ்டீல் கிளிப்பு ஒட்டினார்கள். சில நூறு ரூபாயில் முடிந்தது. ஸ்டீலை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்றால், கழற்ற முடியாததால் தொலையாது, மறந்துபோகாது, உடைந்தால் அங்கேயே திரும்ப ஒட்டுவார்கள். தொல்லை இல்லாமல் இல்லை. முதல் வாரம் கஞ்சிதான். கம்பி கன்னத்தில் குத்தினால் மெழுகு வைத்துக்கொள்ள வேண்டும். இண்டு இடுக்கில் சோறு மாட்டும், துலக்காவிட்டால் கிளிப்பைச் சுற்றிப் பல் சொத்தையாகும். கரும்பு, முறுக்கு, எலும்பு கடிக்கக்கூடாது. "உப்புக்கண்டம்?" என்று அக்கா கேட்டாள். டாக்டருக்கு உப்புக்கண்டம் தெரியவில்லை. மாட்டுக்கறியைக் காயப்போட்டது என்று விளக்கினேன். கொஞ்சமும் முகம் மாறாமல், "ரெண்டு வருஷத்துக்கு வேணாம்க்கா, கறிய நல்லா வேகவெச்சுப் பிச்சுப் போடுங்க" என்றார்.

மாதம் ஒரு தடவை போக வேண்டும். டவுன் பஸ் வரைக்கும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் டிக்கெட். அக்காவுக்கு ஒரு நாள் கூலி போகும். பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போகும். இரண்டு வருஷத்துக்கு இருபத்துநாலு நாள். கம்பி கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்கே ஓடப் பார்க்கும், ரிட்டெய்னர் என்ற தட்டை வருஷக்கணக்கில் ராத்திரி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம் என்பதற்கு இவ்வளவு விலை இருக்கிறது.

இங்கிலாந்தில் பல்வரிசைக்கு எவ்வளவு சிகிச்சை தேவை என்று தரம் பிரிக்க 1989இல் ஓர் அளவுமுறை வந்தது. அதன்படி தேவை கூடுதலாக இருக்கிற பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு செலவிலேயே கம்பி போடுகிறார்கள். 8 மில்லிமீட்டர் அந்தத் தரத்துக்குள் வரும். அங்கேயும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அது பிள்ளையின் உரிமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் விடுதிகளுக்குக் குழாய் கேட்கிறோம், கழிப்பறை கேட்கிறோம், வார்டன் கேட்கிறோம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விடுதிப் பிள்ளைகளுக்குப் பல் சீரமைப்பு என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் தோழர்களே. இதை அழகுச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களில் நானே முதல் ஆளாக இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

அந்த இளம் டாக்டர் என் வாயையும் பார்த்தார். பெரியவர்களுக்கும் செய்யலாம், ஈறு நன்றாக இருந்தால் போதும் என்றார். நான் வேண்டாம் என்றேன். கொள்கை ஒன்றும் இல்லை. இந்த வாயோடு பேசிப் பேசி எனக்கு இது பழகிவிட்டது.

கிளிப்பைச் சுற்றி மாட்டுகிற சின்ன ரப்பர் வளையங்களில் பல நிறம் உண்டு. நிறமில்லாத வளையம் வேண்டாம், குழம்பு மஞ்சள் ஏறிவிடும் என்றார்கள். நான் நீலம் போடச் சொன்னேன். "போ சித்தி, எனுக்குப் பச்ச" என்றாள் பிள்ளை.

சென்ற மாதம் விடுதிக்குப் போயிருந்தேன். பல் பாதிக்குமேல் உள்ளே போயிருக்கிறது. இப்போது என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். "கம்பி மத்தாப்பு" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டாவைப் பிடித்த கை மேலே எழுந்தது. பாதியில் நின்றது. அவள் சிரித்து முடிக்கிறவரைக்கும் அங்கேயே நின்றது.